பாதி ரொட்டி

வேணாம்மா, பை என் மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா ரொட்டி நசுங்கிரும். இந்த பஸ் மலை ஏற ஆரம்பிச்சா மேல இருக்கறதெல்லாம் தலையில விழும், பாத்திருக்கேன். நீ உன் எழுத்து அட்டையெல்லாம் நல்லாப் பரப்பிக்க. நான் எட்டிப் பாத்தேன்னு தப்பா நினைச்சுக்காத. அந்த ஜப்பான் எழுத்து எனக்குப் பழக்கம், அதான். படிக்க வராது, சும்மா பாத்துப் பாத்துப் பழக்கம். எங்க வீட்டு சமையக்கட்டுல உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, அலமாரிக் கதவு எல்லாத்துலயும் அந்த மாதிரி ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நான் துடைக்கறப்போ சீட்டைச் சுத்தித்தான் துடைப்பேன்.

ஆமா, மகன்தான். பஸ்தியன். லியோன் காலேஜ்ல மூணு வருசம் அந்தப் பாஷையப் படிச்சான். அப்புறம் கியோத்தோவுல பல்கலைக்கழகத்துல ஒரு வருசத்துக்கு இடம் கிடைச்சுது. போன செப்டம்பர்ல கெளம்பினான்.

நீயும் கியோத்தோதானா? அட. எப்போ, இந்த செப்டம்பரா? இன்னும் நாள் இருக்கு அப்போ.

அங்க இன்னிக்கு மழை. காலையில பிடிச்சது விடவே இல்லை. செர்ரிப் பூவெல்லாம் போன வாரத்தோட கொட்டிப் போச்சு, ஆத்தங்கரைப் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். இப்போ அங்க சாயங்காலம் இல்லையா, லேசா குளிரும்.

எனக்கு எப்படித் தெரியாம இருக்கும், தினமும் சொல்றான்ல. நான் காபி வடிகட்டறப்போவே சேதி வந்துரும். ஒரு நாள் தவறினதில்லை. அந்த விஷயத்துல நல்ல பிள்ளை.

உனக்கு உபயோகமா ரெண்டு சொல்லவா? எல்லாம் அவன் சொன்னதுதான். குப்பையைப் பிரிச்சுப் போடணும் அங்க. தப்பான நாள்ல கொண்டு வச்சேன்னா எடுக்க மாட்டாங்க, அங்கயே விட்டுட்டுப் போயிருவாங்க. தெருவே பாக்கும், இது யாரு குப்பைன்னு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா பாக்கும். அப்புறம், வகுப்புல மொத நாளே முன்னாடி போய் உக்காந்துக்க. கடைசி வரிசைக்குப் போயிராத. மரியாதையான ஜனங்கம்மா அவங்க. உனக்குத் தனியா இருக்கணும்போலன்னு அவங்களுக்குத் தோணிருச்சுன்னா, ரொம்ப மரியாதையா தனியா விட்டுருவாங்க.

மொத வாரத்துலயே யார்கிட்டயாவது பேசிரு. தப்பும் தவறுமாப் பேசினாலும் சரி. இவன் இங்க வகுப்புல மொதல் ஆளு. காகிதத்துல அவனை மிஞ்ச ஆளே இல்லைன்னு வாத்தியாரம்மா எங்கிட்டயே சொன்னாங்க. அங்க போய், ஒரு நாள், எழுந்து பேரைச் சொல்லுப்பான்னிருக்காங்க. வேற ஒண்ணும் இல்லை, அவன் பேரு. எழுந்து நின்னிருக்கான். வாய் தொறக்கலை. எல்லாரும் பொறுமையா காத்துக்கிட்டு இருந்தாங்களாம். ஒருத்தர்கூட சிரிக்கலை. சிரிச்சிருந்தா உக்காந்திருப்பேன்ப்பான்னு சொன்னான்.

இல்லை இல்லை, பயப்படாத. உனக்கு அப்படி ஆகாது. நீ ஏறினதும் டிரைவருக்கே வணக்கம் சொன்ன, நான் பாத்தேன். வாய் தொறக்காதது எங்க வீட்டு ரத்தத்துல இருக்கு. நானும் அப்படித்தான். பதினாறு வயசோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ரோட்டு இலாகாவுல சேந்தவன். குளிர்காலத்துல பனி தள்ளற வண்டி. யார்கிட்டயும் பேச வேண்டியதில்லை பாரு அந்த வேலையில, அதனாலயே அது எனக்குப் பிடிச்சுது. உன்கிட்ட இவ்வளவு பேசறதே எனக்கு ஆச்சரியமா இருக்கு. அந்த அட்டையப் பாத்ததுதான் காரணம்.

இப்போ நல்லா இருக்கான். சாப்பிடறான். தூங்கறதுதான் கொஞ்சம் முன்னே பின்னே.

உங்க வீட்டுல ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்களா, நீ போறதை? இன்னும் இல்லைன்னா சொல்ல வேணாம்னு சொல்லு. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. இவனுக்கு எங்க ஊருல பெரிய வழியனுப்பு. மேயர் ஆபீஸ்ல கூட்டம், வெள்ளை ஒயின், பேச்சு. மேயர் பேச்சுல ரெண்டு தடவை ஜப்பானைச் சீனான்னாரு, யாரும் திருத்தலை. கறிக்கடைக்காரர் வந்து, தம்பி, பச்சை மீனைத் தின்னு பழகிட்டு வந்து எங்க தொத்திறைச்சியை மோந்து பாக்காதன்னு கேலி பண்ணாரு. பத்திரிகையில போட்டோ வந்துச்சு. அதை சொலாஞ்ச் வெட்டி, அவ கடை கல்லாவுக்குப் பின்னாடி ஒட்டி வச்சிட்டா. சும்மா போறவன் சும்மா வந்துரலாம். ஊரே கைதட்டி அனுப்பினா, வர்றதுக்கும் ஊரைக் கேக்க வேண்டியதாயிரும். உங்க அம்மாகிட்ட சொல்லு.

சொலாஞ்சா? எங்க ஊரு ரொட்டிக்கடை அவளோடதுதான்.

இருக்கு, இருக்கு, நல்ல கடைதான். இதை ஏன் கீழ டவுன்ல வாங்கினேன்னு கேக்கற. முழங்காலுக்கு வைத்தியம்னு வாரத்துல ரெண்டு மூணு நாள் கீழ போறேன், அப்படியே வாங்கிட்டு வர்றேன். அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

சொலாஞ்ச் கையால பாதி ரொட்டி தினமும் காலையில வாங்கறேன், அதுல குறை இல்லை. எங்க ஊருல யாரு வீட்டுல எத்தனை பேருன்னு தெரிஞ்சுக்க மேயர் ஆபீஸுக்குப் போக வேண்டாம், அவளைக் கேட்டாப் போதும். என் சம்சாரம் இருந்தப்போ ரெண்டு நீட்டு ரொட்டி வாங்குவேன். அவ போனப்புறம் ஒண்ணரை ஆச்சு. பையன் கெளம்பின மறுநாள் போய் நிக்கறேன், நான் வாயே தொறக்கலை, சொலாஞ்ச் ஒரு ரொட்டியை எடுத்து நடுவுல வெட்டி, பாதியைக் காகிதத்துல சுத்தி நீட்டினா. அன்னிலேர்ந்து பாதிதான். அவ தலைக்குப் பின்னாடி அவன் போட்டோ. அதைப் பாத்துக்கிட்டே கையை நீட்டுவேன். பஸ்தியன் எப்படி இருக்கான்னு கேப்பா. பூ பூத்துருச்சான்னு கேப்பா. சொல்லுவேன்.

நம்பரா?

அங்க போனதும் அவனைப் பாக்கறேங்கற. நல்ல மனசும்மா உனக்கு. தெரியாத ஊருல ஒருத்தர் இருந்தா தெம்புதான், எனக்குப் புரியுது. குடுக்கலாம், நம்பர் குடுக்கறதுல ஒண்ணும் இல்லை. ஆனா அங்க அவனைப் பாக்க முடியாது.

இந்த ரொட்டி அவனுக்குத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து நின்னான். எல்லாரும் சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கற நேரம், தெருவுல ஒரு நாயைக்கூட பாக்க முடியாது. நேரம் பாத்துத்தான் வந்திருக்கான், அவனுக்குத் தெரியாத ஊரா? கோட்டைக் கழட்டி நாற்காலியில போட்டான். இன்னொரு தட்டு எடுத்து வச்சேன். ஒண்ணும் பேசிக்கலை. எங்களுக்கு அது பழக்கம், அதுல ஒரு சங்கடமும் இல்லை. அப்போ வாசல் மணி அடிச்சுது. சொலாஞ்ச். ஞாயித்துக்கிழமை கடை மூடினதும், மிஞ்சின ஆப்பிள் கேக்குல ஒரு துண்டு கொண்டாந்து குடுப்பா, ஒண்டிக்கட்டையா இருக்கேன்னு.

நான் அவனுக்கு மாடிப்படியைக் கையால காட்டினேன்.

அவ்வளவுதாம்மா பண்ணேன். ஏன்னு கேக்கலை அவன். கோட்டை எடுத்துக்கிட்டு ஏறிட்டான். நான் படிக்கட்டுக் கதவைச் சாத்திட்டு, அப்புறம் போய் வாசக்கதவைத் தொறந்தேன். பஸ்தியன் நல்லா இருக்கானான்னா. நல்லா இருக்கான், அங்க குளிர் ஆரம்பிச்சிருச்சாம்னேன். அந்தப் படிக்கட்டுக் கதவு மெல்லிசு பலகை. நான் சொன்னது அத்தனையும் மேல கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில நான் காபி வடிகட்டறேன். மேல் படியில நின்னுக்கிட்டு சொல்றான், அப்பா, கியோத்தோவுல இன்னிக்கு மூணு டிகிரி, ஆனா நல்ல வெயில், சொலாஞ்ச் கேட்டா மழைன்னு சொல்லிராதன்னு. கிண்டலா சொல்லியிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும். கிண்டல் இல்லைம்மா. போன்ல பாத்து, எனக்கு உதவறதுக்காகச் சொல்றான். அன்னிலேர்ந்து தினமும் சொல்றான்.

ஜூலையில அவன் திரும்பி வரணும். ஊருல எல்லாரும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. மேயர் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஜப்பானைப் பத்தி அவன் பேசணுங்கறாரு. இருக்கற எடத்துலேர்ந்து இருக்கற எடத்துக்கே ஒரு ஆளை எப்படிக் கூட்டிட்டு வர்றது, நீயே சொல்லு. மொதல்ல அவன் தோத்துட்டு வந்துட்டானேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஒரு வாரம் இருந்திருக்குமா. அப்புறம் அது போயிருச்சு. இப்போ இருக்கற வெக்கம் வேற.

சொலாஞ்சுக்குத் தெரியுமான்னா கேக்கற? எனக்குப் புரியலை. போன ஞாயித்துக்கிழமை கேக்கு ரெண்டு துண்டு வச்சிருந்தா. ஒண்ணும் கேக்கலை. குடுத்துட்டுப் போயிட்டா. காகிதத்தைப் பிரிச்சுப் பாத்துட்டு எனக்கு மேல ஏறிப் போகவே முகமில்லை. கேக்கை மட்டும் மூணாவது படியில வச்சிட்டு வந்தேன்.

அதோ தண்ணித் தொட்டி தெரியுதுல்ல, அது தாண்டினா என் ஸ்டாப்பு. உன் ஊரு இன்னும் மேல, தெரியும். இன்னிக்கு முடியாட்டி வேற ஒரு நாள் எங்க வீட்டுக்கு வா. உனக்கும் அந்த எழுத்துல சந்தேகம் இருக்கும், அவன் நல்லா சொல்லிக் குடுப்பான். அந்த ஊரைப் பத்தியும் கேளு, எங்கிட்ட சொல்லாததை உங்கிட்ட சொல்லுவான். சர்ச்சுக்குப் பின்னாடி வீடு. மாடியில தெருப்பக்கத்து சன்னல் மட்டும் எப்பவும் சாத்தியிருக்கும், அதான் அடையாளம். நான் இருந்தாலும் இல்லாட்டியும் தோட்டத்துப் பக்கமா வந்து, கீழ நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடு. அந்தப் பாஷையிலயே கூப்பிட்டாலும் சரி.

வாசல் மணியை மட்டும் அடிச்சிராதம்மா. மணிச் சத்தம் கேட்டா அவன் கீழ வரமாட்டான். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்.