நாலாம் நாள் டப்பா

— எக்கா, இருசாயிக்கா, இங்க வாங்க. இந்த டப்பாவுக்குள்ள பாருங்க. இது என்னது?

— ஏனுங்க மெர்சியம்மா, ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமா அதைப் போயி மோந்துக்கிட்டு! கையக் கழுவிப்போட்டு காப்பி குடிங்க சாமி.

— காப்பி கெடக்கட்டும். நாய் பேண்டதுல பலாக்கொட்டை எப்படி வந்துச்சு?

— கொல்லிமலையில பலாக்கொட்டை எங்கதானுங்க இல்ல?

— சாம்சன் நாலு நாளா இந்த வராண்டாவுலதான கட்டிக் கெடக்கான்? டாக்டர் குடுத்த தீனியத் தவிர ஒரு பருக்கை உள்ள போகப்பிடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?

— சொன்னீங்க. நானும் குடுக்கலீங்க. சத்தியமுங்க.

— மத்தியானம் முந்நூறு கிராம் வைக்கணும். வெளிய போறத ஒண்ணு விடாம டப்பாவுல அள்ளி நிறுக்கணும். எவ்வளவு உடம்புல ஒட்டுது, எவ்வளவு சும்மா போகுதுன்னு அப்பதான் தெரியும். எலும்பும் தோலுமா ஆயிட்டு வாரானே, அதுக்குத்தான இம்புட்டுப் பாடும்!

— நிறுத்துத்தானுங்க வெச்சிருக்கேன். அந்தத் தராசுல இனி தக்காளி நிறுக்க முடியாது, அது வேற விசயம்.

— தின்னது எப்ப வெளிய வருதுன்னு பாக்க திங்கக்கிழமை தீனியில கலந்த செவப்புப் பொடி கூட செவ்வாக்கிழமை கரெக்டா வெளிய வந்திருக்கு. நேத்து டாக்டருக்குப் போன்ல கணக்க வாசிச்சேன். சீரணம் பிரமாதம், நாமக்கல்லுக்குத் தூக்கிட்டு வரவே வேண்டாம்னுட்டாரு. இப்பப் போயி பலாக்கொட்டை!

— டாக்டரே சொல்லிட்டாருல்லீங்க, விடுங்க.

— எப்படிக்கா விட? சாயங்காலம் வந்தா தட்டு காலி, அவன் அசையாமப் படுத்திருக்கான். வயிறு நெறஞ்சு தூங்குதான்னுல்லா சந்தோசப்பட்டேன்! என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. இது சாம்சன் பேண்டதுதானா?

— பக்கத்துல இருக்கற அர்த்தனாரி ஊட்டு நாயோடதுங்க.

— ஆண்டவரே! இன்னைக்கா?

— நாலு நாளுமுங்க. வாசலூர்பட்டி ஏரிக்கரை வரைக்கும் அது பொறத்தாலயே டப்பாவும் கையுமா அலைஞ்சேனுங்க. டூர் வந்தவங்க போட்டோ வேற புடிச்சாங்க.

— உங்களுக்கென்ன கிறுக்கா? ஊரான் ஊட்டு நாய் பேண்டத எதுக்கு அள்ளுனீங்க?

— தீனியத் தின்னது எதுவோ அதோடதத்தானுங்களே அள்ளோணும்?

— அது எதுக்கு என் நாய்த் தீனியத் திங்குது?

— தட்டுல மிச்சம் கெடந்தா கணக்கு கெட்டுப்போகும், மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்னு நீங்கதானுங்க அந்தக் கத்து கத்துனீங்க. அதான் அதைக் கூப்புட்டு நக்க வெச்சேன்.

— மிச்சம் இருந்தா அதையும் நிறுத்து எழுதிக்கிடுவேனேக்கா! சரி, எவ்வளவுதான் மிச்சம் வச்சான்?

— திங்கக்கிழமையில இருந்து அவன் வாயே வெக்கலீங்க கண்ணு.