பால் காய்ச்சிய வீடு

திருத்தணி ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் சொன்னாள்:

"புது வூட்டுக்குப் பால் காய்ச்சினோம்கா, அடுத்தவங்க வூட்டுல."

அவளுடைய அக்கா அதிர்ந்து திரும்பினாள். "இன்னாடி சொல்ற?"

"சென்னைக்கு வெளிய கம்மி வெலைக்கு வாங்கினோமே, அங்க எல்லா வூடும் ஒரே மாதிரிக்கா, பெயிண்ட்டு கூட. நல்ல நேரம் போய்டும்னு அவரு அவசரமா தொறந்தாரு. பால் பொங்கி, குடிச்சிகினு இருக்கோம், அந்த வூட்டுக்காரங்க பால் குண்டானோட வந்து நிக்கிறாங்க!"

"சாவி எப்டி சேந்துச்சு?"

"எங்க சாவிதான்கா. அப்பால போட்டுப் பாத்தோம், அந்த வரிசைல எல்லா வூட்டுக்கும் சேருது."

"பூட்ட மாத்தினீங்களா?"

"இனிமேதான்."

"அடிப்பாவி! உன் வூட்ட இப்போ யாரு பாத்துக்கிறாங்க?"

"பூட்டிட்டுத்தான்கா வந்தேன்" என்றவள், அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.