இரண்டாவது கட்டளை

நோன்பு திறக்கும்போது அவசரப்பட்டுச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்காது. பேரீச்சை, ஒரு வாய் மோர், அதன் பிறகுதான் சூப். எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரில் பலர் பாங்கு முடிவதற்குள் பாதித் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. யாரைக் கேட்டாலும் லஸ்ஸாத் நிதானமான ஆள் என்றுதான் சொல்வார்கள், அதிகாரி ஐயா.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் யார் யார் இருக்கிறார்கள், யாருடைய அட்டைக்கு எந்தக் கதவு திறக்கலாம் என்பதெல்லாம் ஒரே சர்வரில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவன் நான். நர்ஸ் அட்டையைக் காட்டினால் கதவு சர்வரைக் கேட்கும். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று இருக்குமே, அது போல சர்வருக்கும் ஓர் இண்டெக்ஸ் வேண்டும். அட்டை எண்ணுக்கு அது இல்லை. அதனால் சர்வர் எல்லாரையும் ஒவ்வொருவராகப் புரட்டித் தேடும், கதவு மெதுவாகத் திறக்கும்.

தலைநகர் துனிஸிலிருந்து புதிதாக எங்களுக்குத் தலைவனாக வந்த ஷுக்ரி, அந்த இண்டெக்ஸைப் போடச் சொன்னான். சொன்ன இடம் கேன்டீன், நோன்பு மாதம் தொடங்குவதற்கு முன்.

"லஸ்ஸாத் அண்ணனுக்கு என்ன பெரிய வேலைங்கிறீங்க? கறுப்புத் திரையில ரெண்டு வரி அடிப்பாரு, அப்புறம் நாள் முழுக்கக் காப்பி. என் பொண்டாட்டி வயித்துல இருக்குற புள்ளகூட வெளிய வந்ததும் அதைச் செஞ்சுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

அவன் சொன்னது ஒரு விதத்தில் சரி. இரண்டு வரிதான். இனி அட்டை எண்ணுக்கு இண்டெக்ஸ் உண்டு என்று முதல் கட்டளை அறிவிக்கும். இரண்டாவது, அந்த இண்டெக்ஸைக் கட்டும். முதலாவதோடு நிறுத்தினால் சர்வர் காலியான இண்டெக்ஸைப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்லும். ஆள் உள்ளேதான் இருப்பார், கண்டுபிடிக்கத்தான் முடியாது. அதனால் ஒன்றைக் கொடுத்த கையோடு மற்றதையும் கொடுத்துவிடுவது வழக்கம். இடையில் எவ்வளவு நேரம் விடலாம் என்று விதி எதுவும் இல்லை.

ரமலானில் இந்த மாதிரி வேலைகளை நோன்பு திறக்கும் வேளையில்தான் செய்வோம். அப்போது தெருவில் ஈ காக்கை இருக்காது, வார்டுகளிலும் பாதிப் பேர் சாப்பாட்டில் இருப்பார்கள். ஷுக்ரியும் ஒப்புக்கொண்டான். எந்த நாள் என்பதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அன்று மதியம் அவன் மனைவி எம்னாவை எங்கள் மருத்துவமனையில்தான் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். எனக்குத் தெரியும். வேறு நாளென்றால் அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனே கீழ்த்தளத்தில் இருக்கும் என் அறைக்கு இறங்கி வந்து என்னிடம் கேட்க வேண்டும் என்று விரும்பினேன்.

பாங்கு சொன்னதும் முதல் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டாவதையும் அடித்து வைத்தேன். எண்டரை மட்டும் தட்டவில்லை. சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது பிரசவ வார்டு நர்ஸ் ரௌதா போன் செய்தாள்.

"அண்ணே, ரத்தம் வெச்சிருக்குற ஃப்ரிட்ஜ் தொறக்க மாட்டேங்குது. என் கார்டு, டாக்டர் கார்டு, எதைக் காட்டினாலும் ஆள் இல்லைங்குது. எம்னாவுக்குக் கொழந்த பொறந்துடுச்சு, ஆனா ரத்தம் நிக்கல."

"பாக்குறேம்மா," என்றேன். பொய் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஃப்ரிட்ஜுக்கு முன்பு சாவி இருந்தது. இனி எல்லாம் அட்டைதான் என்று சாவிகளைப் பிடுங்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியவன் ஷுக்ரி. அதையும் என் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அவன் ஓடி வந்தான். காலில் செருப்பில்லை.

"அண்ணே, அதை சரி பண்ணுங்க. உங்க கால்ல விழறேன்."

"உக்காருங்க தம்பி. ரெண்டு வரிதானே."

"நான் பேசினது தப்புண்ணே. எல்லார் முன்னாடியும் சொல்றேன். அவ செத்துடுவாண்ணே."

உட்காரவைத்து இண்டெக்ஸ் என்றால் என்ன என்று விளக்கினேன். முதல் கட்டளை இது, இரண்டாவது இது என்று திரையில் தொட்டுக் காட்டினேன். ஒரு தலைவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எண்டரைத் தட்டக் கை நீட்டினான். விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து அழுதான்.

மேலே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. தீயணைப்பு உருளையால் ஃப்ரிட்ஜ் கதவை அடித்துத் திறந்திருக்கிறார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஷுக்ரி மேலே ஓடினான். அதன் பிறகுதான் எண்டரைத் தட்டினேன். ஒரு தும்மல் போடும் நேரத்தில் இண்டெக்ஸ் தயாராகிவிட்டது. ரத்தப் பையைக் கொண்டுபோனபோது எம்னா இறந்திருந்தாள் என்று ரௌதா பிறகு சொன்னாள்.

அவன் அழும்போதே ஏன் தட்டவில்லை என்று கேட்கிறீர்கள். அவன் அழுவதைக் கேட்க நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். மற்றபடி எம்னா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா. உண்மையைச் சொன்னால், அவளைப் பற்றியே நான் நினைக்கவில்லை.