பலூன்காரர் பக்கத்தில்

விழுப்புரம் பொருட்காட்சியில் மாலை ஐந்து மணிக்கும் தகரக் கூரை கொதித்தது. ராட்டினத்துக்கான வரிசை புழுதியில் நெளிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கணவரிடம் கேட்டாள்:

"ஏங்க, எங்கப்பாவ எங்க நிக்கச் சொன்னீங்க?"

"பலூன்காரர் பக்கத்துல."

"பலூன்காரர் ஒரே இடத்துலயா நிப்பாரு?"

"அப்ப நின்னுக்கினுதான் இருந்தாரு. பலூனெல்லாம் உசரமா தெரியுதேன்னு சொன்னேன்."

"சுகர் இருக்கிற மனுஷன். போனும் என் பையில இருக்குது. இந்த வெக்கையில மயங்கி விழுந்தா யாருக்குத் தெரியும்? திண்டிவனத்துலயே இருங்கப்பான்னேன், கேட்டாரா?"

"இரு, மைக்குல சொல்லச் சொல்றேன்."

"மைக்குல அப்பளம் வித்துக்கினு இருக்காங்க."

இருவரும் வரிசையை விட்டு விலகிய வேளையில், கூட்டத்தை இடித்துக்கொண்டு பலூன்காரர் வந்தார். அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடி, வியர்வையில் நனைந்த முதியவர் ஒருவர் பின்தொடர்ந்தார்.

"எங்கப்பா போயிட்டீங்க?" மகளின் குரல் உடைந்தது.

"நான் எங்கயும் போவலம்மா. மாப்ள சொன்ன இடத்துலதான் இருக்கேன்," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "மூணு சுத்து வந்துட்டேன். அந்த இடந்தான் நிக்க மாட்டேங்குது."