செம்பில் மூன்று பூ

தூத்துக்குடியில் டீ உப்புக் கரிக்கும் என்று சொல்வார்கள், நீதிபதி அய்யா, உண்மைதான். எங்கள் ஊரில் தாமிரபரணித் தண்ணீர். ஆறு புன்னைக்காயலில் கடலோடு சேர்வதற்கு நாலு மைல் முன்னால் எங்கள் வயல். அதில் பாதிக்கு மேல் உச்சவரம்புச் சட்டத்தில் போய்விட்டது. அதற்காக நான் யார் மேலும் கோபப்பட்டதில்லை.

மிஞ்சியது பட்டம். எங்கள் வீட்டு மூத்தவன் பெயருக்கு முன்னால் 'வாளேந்தி' என்று வரும். கோயில் கொடையில் முதல் பரிவட்டம் அவன் தலையில்தான். முன்னோர் வாளை ஏந்தி அவன் நடந்தால்தான் சாமி புறப்படும். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் தளவாய்க்கு வந்தது. அவனுக்குப் பிள்ளை இல்லாமல் போனால் எனக்கு.

தளவாய் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். நல்லவன், சின்ன வயதில் என்னைத் தோளில் சுமந்தவன். எழுபத்தாறு மார்கழியில் ஒருநாள் காலை, வாழைத்தோட்டத்தில் வைத்துச் சொன்னான்: "ஏலே, கிரேன் ஓட்டுதவனுக்கு வாளு எதுக்கு? கொடைக்கு லீவு கேட்டா ஆபீசர் சிரிக்கான். பட்டம் வேண்டாம்னு கோயிலுக்கு எழுதிக் குடுத்திருதேன். நம்மளோட முடியட்டும்."

மூத்தவன் எழுதிக் கொடுத்தால் வம்சத்துக்கே முடிந்தது, எனக்கும் கிடையாது. வேண்டாம் அண்ணே என்று இரண்டு தடவை கேட்டேன். சிரித்துக்கொண்டே மடை திறக்கக் குனிந்தான். இலை அறுக்கிற அரிவாள் என் கையில் இருந்தது. பிடரியில் வெட்டினேன். திரும்பிப் பார்த்தான், அதனால் அடுத்தது முகத்தில் விழுந்தது. ரொம்ப நேரம் வலிக்கக் கூடாதே என்று மூன்றாவதைச் சீக்கிரம் போட்டேன். மடை திறந்து கிடந்ததால் ரத்தம் எல்லாப் பாத்திக்கும் பாய்ந்தது. தண்ணீர்த் தகராறில் யாரோ வெட்டிவிட்டதாக ஊர் பேசியது. நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புருஷனை இழந்தவள் முழுகாமல் இருந்தால் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாடை தூக்குமுன் வயதான பெண் ஒருத்தி நிறைசெம்புத் தண்ணீரோடு ஆண்கள் நடுவில் வந்து, மாதத்துக்கு ஒன்றாகப் பூப் போடுவாள். ஊர் பார்த்துவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை. அன்றைக்கு வந்தது அப்பாவின் தங்கை பேச்சித்தாய் அத்தை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது பூவை என்னைப் பார்த்துக்கொண்டே போட்டாள்.

பதினாறாம் நாள், வாரிசுக்குக் கட்டுகிற உருமால் தலைப்பாகையை எனக்குக் கட்டவில்லை. பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பெண்ணாகப் பிறக்கலாமே, காத்திருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் காத்துத்தான் இருந்தேன். தையில் கொடை வந்தது. முதல் பரிவட்டத்தை அந்தச் செம்புக்குக் கட்டினார்கள். நான் கூட்டத்தோடு நின்று தேங்காய்மூடி வாங்கினேன். அந்த அவமானம் எனக்குத் தாங்கவில்லை அய்யா.

மறுநாள் உச்சிவேளையில் அண்ணன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் மதினி முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீயளா கொழுந்தனாரே?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வாளை எடுத்து வந்தேன். பட்டத்து வாரிசுக்கு அரிவாள் மரியாதையில்லை. ஆனால் அது மூன்று தலைமுறையாகச் சாணை காணாத வாள். வெட்டவில்லை, நசுக்கியது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கை ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடினாள், வயிற்றை மூடவேயில்லை. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கர்ப்பமே இல்லை என்று எழுதியிருக்கிறார். அத்தை லாக்கப்புக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ அருவா கழுவுனத நான் பாத்தேன்லே. ஒன்னையும் தூக்குக்கு அனுப்ப மனசு வரல. பட்டத்தையாவது தடுப்போம், அதுக்குள்ள போலீஸே பிடிச்சிரும்னு இருந்தேன். அவகிட்ட எதுக்குன்னு சொல்லல, நீ சும்மா இருன்னேன். என் பூவே அவளக் கொன்னுட்டுலே." அத்தை அழுவது பரிதாபமாக இருந்தது. தேற்றி அனுப்பினேன்.

எனக்கு மனது லேசாகிவிட்டது. பிள்ளையே இல்லையென்றால் வாரிசைக் கொன்ற பழி எனக்கு இல்லை. அண்ணன் கண்மூடிய அந்த நிமிஷமே பட்டம் எனக்கு வந்திருக்கிறது. இரண்டு பேரையும் நான்தான் வெட்டினேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மேலே என் பெயரை வெறும் சிவனணைந்தபெருமாள் என்று எழுதியிருக்கிறீர்கள் அய்யா. முன்னால் 'வாளேந்தி' சேர்த்துக் கொடுங்கள்.