நீலச் சுவத்தைப் பாருங்க சார்

...பயமா இருந்தா அந்தச் சுவத்தைப் பாருங்க சார். சும்மா மேலோட்டமா இல்ல, நல்லா உத்துப் பாருங்க. நீலம். நீலம் மனசை அமைதிப்படுத்துமாம். எங்க டாக்டரோட வீட்டம்மா சொல்லியிருக்காங்க. போன மாசம் வரைக்கும் வெள்ளைச் சுவருதான், வந்தவங்க பல்லைக் காட்டிட்டு ஒழுங்காத்தான் போனாங்க. நேத்து ஒரு சின்னப் பொண்ணு உள்ள நுழைஞ்சதும் நீச்சல் குளம்னு நினைச்சு செருப்பைக் கழட்டி வீசிட்டா!

பேசாதீங்க, பேசாதீங்க. ஊசி போட்டிருக்கு இல்ல? வாய் மரத்துப் போயிருக்கும், உதட்டைக் கடிச்சுக்கப் போறீங்க. சொத்தையை அடைக்கத்தானே வந்தீங்க, அதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. டாக்டர் பக்கத்து ரூம்ல இருக்காரு, வந்துடுவாரு. அதுவரைக்கும் நான் பேசிட்டிருக்கேன்.

மேடம் ஏதோ ஆன்லைன்ல படிச்சாங்க சார். எந்த நிறம் மனசை என்ன பண்ணும்னு. படிச்சு முடிச்ச அன்னைக்கே பெயிண்டர் ஏணியோட வந்து நிக்கறாரு! வெளிய உக்காந்தீங்களே, அந்த ஹால் பச்சை. பச்சைன்னா நம்பிக்கை. பாத்ரூம் மஞ்சள். மஞ்சள்னா சந்தோஷமாம். அங்க போய் என்னத்த சந்தோஷப்படறது... யாராச்சும் உள்ள போய் ரொம்ப நேரம் வரலைன்னா, சரி, சந்தோஷமா இருக்காங்க போலன்னு விட்டுடறேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "அப்ப கரண்ட் பில்லையும் மஞ்சத்தாள்ல அடிக்கச் சொல்லு"ங்கறாரு. நக்கல் பிடிச்ச மனுஷன்.

சிவப்பு மட்டும் ஆகவே ஆகாது. சிவப்பைப் பாத்தா ரத்தம் ஞாபகம் வருமாம், படபடப்பு ஏறுமாம். அதனால இங்க சிவப்புக்குத் தடை. என் சிவப்புச் சுடிதார் ரெண்டும் போச்சு. மூலையில பாருங்க, தீயணைக்கிற சிலிண்டர்... அதுக்கு இளம் ஊதால உறை தைச்சு மாட்டியிருக்காங்க. தீப்பிடிச்சாலும் பதட்டமில்லாம அமைதியா எரியணும் இல்ல?

சரி, சுவரோட விட்டிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். என் வேலையிலயும் கை வெச்சாங்க சார். இங்க மூணு ரூம், மூணு நாற்காலி. டாக்டர் வரிசையா ஊசி போட்டுட்டே போவாரு, திரும்பி வர்றப்ப யாருக்கு என்ன பண்ணணும்னு ஞாபகம் இருக்காது. அதுக்குத்தான் உங்க கழுத்துல கட்டின துணியில ஒரு கிளிப்பு மாட்டியிருக்கேன். அதோட நிறத்தைப் பாத்துத்தான் கருவியை எடுப்பாரு. உங்களைக் கேக்க மாட்டாரு. கேட்டாலும் அந்த வாயால என்ன சொல்வீங்க? வந்த நாள்லேர்ந்து சிவப்புன்னா புடுங்கறது, பச்சைன்னா அடைக்கறது. என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்பதான் சிவப்பு கிடையாதே! மேடம் உக்காந்து யோசிச்சாங்க. பல்லைப் பறிகொடுக்கறவங்களுக்குத்தானே நம்பிக்கை அதிகமா வேணும்? அதனால புடுங்கறதுக்குப் பச்சையாம். அடைக்கறதுக்கு நீலமாம். எப்படி இருக்கு கதை!

"பழக்கதோஷத்துல கை மாறிடும் மேடம்"னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "உங்களுக்கு மாற்றம்னாலே பயம், கொஞ்ச நாள் ஆரஞ்சு உடுத்துங்க"ன்னாங்க. டாக்டர் அதுக்கும் மேல. "கிளிப்பு ஒண்ணு மாறினாலும் நாளையிலேர்ந்து நீங்க வீட்லயே இருந்துக்கலாம்"னுட்டாரு. வீட்ல இருந்தா? நாள் பூரா எங்க வீட்டுக்காரரோட நக்கலைக் கேட்டுக்கிட்டா? அதுக்குப் பயந்தே கவனமா இருக்கேன் சார். இதுவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல. கண்ணை மூடிக்கிட்டு மாட்டினாலும் சரியா இருக்கும்.

என்ன சார், நெஞ்சைத் தட்டறீங்க? படபடங்குதா? சுவத்தைப் பாருங்க, சுவத்தை. "ஆ... ஆ"ன்னா எனக்கு என்ன புரியும்? ஓ, கிளிப்பு குத்துதா? ஐயோ, அதைக் கழட்டக் கூடாது சார், டாக்டர் வந்துட்டாரு, செருப்புச் சத்தம் கேக்குது பாருங்க. எவ்வளவு வேர்வை! நீலத்தைப் பாத்தும் இப்படி வேர்க்குதுன்னா மேடம் படிச்ச படிப்பு என்னத்துக்கு ஆச்சு...

சார்! சார், எங்க ஓடறீங்க? துணி கழுத்துலயே இருக்கு சார்! அட, படியில பாத்து... போயே போயிட்டாரு.

கிளிப்பை மட்டும் பிடுங்கி வீசிட்டுப் போயிருக்காரு பாரு. எங்க விழுந்துச்சு... ஆங், நாற்காலிக்கு அடியில. பச்சை.

பச்சையா?

அவரு அடைக்கத்தானே... ஐயய்யோ.

வாங்க டாக்டர்! இங்கதான் இருந்தாரு டாக்டர், இப்பதான். நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே. சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு, திடீர்னு எழுந்து ஓடிட்டாரு. மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர்... இந்த நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காது போல.