ஒரே ஆழத்தில் ஒரு கோடு

மச்சான், காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோதை வீட்டைவிட்டுப் போய் நான்கு நாள் ஆகிறது. சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் உட்கார்ந்தபடியே வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னை அடிக்க வந்ததுபோலவும் இருக்கிறது. அடிப்பதானால் காபியைக் குடித்துவிட்டு அடியுங்கள். நான் எங்கும் ஓடப்போவதில்லை, கம்பெனிக்கு லீவ் சொல்லிவிட்டேன்.

"என்னதான் நடந்தது மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். இந்தப் புனே பக்கம் சாகண் தொழிற்சாலையில் பாகங்களை அளந்து குவாலிட்டி பார்க்கிறவன் நான். வரிசை மாறினால் எனக்கே பிடிக்காது.

உங்கள் தங்கை இரண்டு வருடம் முன்பு லினோகட் என்ற அச்சுப்பட வேலை கற்றுக்கொள்ளப் போனாள். இங்கே சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் ஒரு உதிரிபாகப் பட்டறைக்கு மேல்மாடியில் சோனியா என்ற பெண் நடத்தும் வகுப்பு. சோனியா நம்மாள்தான், மூன்று தலைமுறையாகப் பக்கத்திலுள்ள கட்கியில். அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் இருந்தவர். அவள் பேசும் தமிழில் பாதி இந்தி, மீதி மராத்தி. மிச்சம் ஏதாவது இருந்தால் அது தமிழ்.

கோதை எதையும் பத்துப் பதினோரு நாளைக்கு மேல் செய்யமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஸூம்பா நடனம் பதினோரு நாள். கேக் ஒன்பது நாள். அந்தக் கணக்கில் நானே அவளுக்கு உளி செட் வாங்கிக் கொடுத்தேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பம் என்று எழுதிக்கொள்ளலாம்.

அந்த வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் மீதி புரியும். தரைக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு லினோலியத் தகடு. அதில் செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது, விட்ட இடத்தில் ஒட்டும். இதில் பல நிறம் வேண்டுமென்றால் பல தகடு வைத்துக்கொள்ளலாம். உங்கள் தங்கைக்கு அது பிடிக்காது. ஒரே தகடுதான். முதலில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு, பன்னிரண்டு தாளிலும் மஞ்சள் அடிப்பாள். பிறகு மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடத்தையும் செதுக்கிவிட்டு, அதே தாள்களின் மேல் ஆரஞ்சு. அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். கடைசியில் கருநீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். ஆரஞ்சு அடித்தபின் மஞ்சளுக்குத் திரும்ப முடியாது. பதின்மூன்றாவது தாள் வேண்டுமென்று யார் வந்து நின்றாலும் கிடையாது.

நானும் சும்மா இருக்கவில்லை. தாள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரவேண்டும், மயிரிழை நகர்ந்தாலும் நிறங்கள் ஒன்றை ஒன்று மிதிக்கும். அவள் அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டு திண்டாடினாள். நான் கம்பெனியில் ஒரு இரும்புச் சட்டம் செய்து கொண்டுவந்தேன், இரண்டு ஊசிமுனையோடு. கால் மில்லிமீட்டர் பிசகாது. தகடு இறுகிப்போன குளிர்நாளில் இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டிக் கொடுத்ததும் நான்தான். ஹால் முழுக்கக் கொடி கட்டித் தாள்களைக் காயப்போட்டபோது, இரண்டு வாரம் குனிந்தே டிவி பார்த்தேன். இதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

படம், லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டி. ஐந்து பெண்கள். நடுவில் ஒருத்தி நேராக நம்மைப் பார்ப்பாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல். நான்காவது நிறம் முடிந்த வாரம் சோனியா அதைப் போட்டோ எடுத்துப் பரோடாவில் ஒரு அச்சுக்கலை ஸ்டூடியோவுக்கு அனுப்பியிருக்கிறாள். முடித்த பன்னிரண்டையும் காட்டினால் ஒரு வருடம் அங்கே தங்கி வேலை செய்யலாம் என்று பதில் வந்தது.

"ஒரு வருசந்தானுங்க. மாசம் ஒருக்கா வந்துட்டுப் போறேன்," என்றாள். மாவு கரைத்துக்கொண்டே சொன்னாள், ஏதோ கடைக்குப் போய்வருகிற மாதிரி.

"தாராளமா போய்ட்டு வா," என்றேன். நான் ஒருபோதும் தடுக்கவில்லை, மச்சான். அவளையே கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு அவள் கடைசி நிறத்துக்கான செதுக்கலை முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். தகடு மேசைமேல் இருந்தது. தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் மக்குப் பசை வைத்து அடைக்கலாம் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். நான் அதை முன்கூட்டியே பார்த்திருந்தேன். அதனால் அடைக்க முடியாத இடமாகத் தேர்ந்தெடுத்தேன். அந்த நடுப்பெண்ணின் கண். இமையும் விழியும் நூல் நூலாக நிற்கிற இடம். பக்கத்திலிருந்த முடிக்கற்றையை அவள் அன்றுதான் செதுக்கியிருந்தாள். அங்கிருந்து உளி நழுவியதுபோல ஒரே ஒரு கோடு, கண்ணின் குறுக்கே காதுவரை. எட்டு வினாடி ஆனது. மீதி நேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

சாயம் ஏறிக் கறுத்த தகட்டில் அது தெரியாது. மதியம் மை தடவி முதல் தாளை அழுத்தி எடுத்தபோதுதான் தெரிந்தது. கருநீல முகத்தில், அடியிலிருந்த நீலத்தில் ஒரு வெட்டு. அவள் தாளைப் பார்த்தாள், தன் வலது கையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியவே இல்லைங்க. கை நழுவினது எனக்குத் தெரியவே இல்லை," என்றாள். பிறகு மெதுவாக, "அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?" என்றாள்.

உங்கள் அப்பாவின் கை நடுக்கத்தை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவளாகச் சொன்னது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அழுகிறவளிடம் வாக்குவாதம் செய்வது நன்றாகவா இருக்கும்?

நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். எல்லா டெஸ்டும் எடுத்தோம். ரிப்போர்ட் வாங்க அவளுக்குப் பயம், நான் மட்டும் போனேன். "ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள்," என்றார் டாக்டர். சத்துக்காக ஒரு வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து கோதையிடம், "இப்போதைக்கு ஒண்ணும் இல்லையாம்," என்றேன். 'இப்போதைக்கு' மட்டும் நான் சேர்த்தது. மாத்திரையை நரம்புக்கு என்று சொன்னேன்.

ஒரு வாரத்தில் அவள் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் விழுந்தது. கத்தியை எடுக்கப் பயந்தாள். காய் நறுக்கியது நான், தலை பின்னிவிட்டது நான், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடிவந்து சட்டைப் பட்டன் தைத்தது நான். பரோடாவுக்கு வரவில்லை என்று அவளே போன் செய்து சொன்னாள். சாயங்காலத்தில் என் தோளில் சாய்ந்து உட்காருவாள். மச்சான், கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த ஆறு வாரம்தான் எங்களுக்கு நல்ல காலம். உங்களுக்கு நான் போன் செய்து "லேசா ஆரம்பம்தான் மச்சான், பயப்படாதீங்க" என்றபோது நீங்கள் அழுதீர்கள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

போன ஞாயிறு சோனியா வந்தாள். தகட்டை வகுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வந்தவள், அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணா, இதர் பாருங்க. நழுவின உளி கடைசியில மேல வந்துரும். கோடு மெலிஞ்சு போகும். இது ஷுருலேர்ந்து கடைசி வரைக்கும் ஏக்தம் ஒரே ஆழம். அக்கா வெட்டு இப்படி இருக்காது. பூரா பிளாக்லயும் இதுதான் சாஃப், சுத்தமான வெட்டு," என்றாள்.

"தேங்க்ஸ்," என்றேன்.

இருபது வருடமாக ஒரே ஆழம், ஒரே அகலம் என்று அளந்து பழகியவன் வாயில் அது தானாக வந்துவிட்டது. கம்பெனியில் யாரும் அப்படிப் பாராட்டினதில்லை. சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

கோதை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு, தட்டில் மூன்று கப் டீ, விளிம்புவரை. என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் ஹாலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவந்து தட்டை மேசைமேல் வைத்தாள். சோனியாவிடம், "பத்து நிமிஷம் இரு, பையை எடுத்துக்கிட்டு வர்றேன்," என்றாள்.

இப்போது சோனியா வீட்டில்தான் இருக்கிறாள். கடைசி நிறம் இல்லாமலே மற்ற பதினொரு தாளையும் பரோடாவுக்குக் காட்டினார்களாம், அவர்களும் வரச்சொல்லிவிட்டார்களாம். எங்கள் லைனில் அரைகுறையை நான் வெளியே விடமாட்டேன். அது அவர்கள் இஷ்டம். நீங்கள்தான் ரயிலேற்றிவிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

செய்தது நான்தான். ஒரு வரிகூட மறைக்கவில்லை. ஆனால் நான் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் அவளிடம் எடுத்துச்சொல்லுங்கள். அன்றைக்கு அந்த மூன்று கப்பிலிருந்தும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, மச்சான், நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஆறு வாரம் விடாமல் கொடுத்த பலன். இந்தாருங்கள், மாத்திரை அட்டை. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. நிறுத்திவிட்டால் மறுபடியும் வந்துவிடும்.